மினி பஸ் வாடகை: மூன்று முறை போய் வந்த பிறகு

எங்கள் மாலை நடைக் குழுவில் மொத்தம் 19 பேர். மூத்தவருக்கு வயது 81. இளையவள் அவருடைய பேத்தி, வயது 9. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து பக்கத்தில் எங்காவது ஒரு நாள் போய் வருவோம். காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. வண்டி பிடிக்கும் பொறுப்பு என்னுடையது.

கடந்த ஆறு மாதத்தில் மூன்று முறை ஒரே இடத்தில் மினி பஸ் வாடகைக்கு எடுத்தேன். முதல் முறை மனம் நிறைந்து திரும்பினோம். இரண்டாவது முறை எனக்குக் கோபமும் வருத்தமும்தான் மிச்சம். மூன்றாவது முறை மறுபடி நன்றாக அமைந்தது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயமாக இருக்கும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டாவது முறை நடந்த தவறை அவர்கள் திருத்திக்கொண்டார்கள். அந்த ஒரு நாளை வைத்து அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை.

முன்பெல்லாம் ஐந்து கார்களில் போவோம். ஒரு கார் வழி தவறும், மற்ற நான்கும் எங்காவது ஓரங்கட்டிக் காத்திருக்கும். ஒரு காரில் நடந்த பேச்சு அடுத்த காருக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட, கார் ஓட்டும் ஐந்து பேருக்கு அந்த நாள் ஓய்வு நாளே இல்லை. போகும்போது ரோட்டைத்தான் பார்ப்பார்கள், வரும்போது களைத்துப்போயிருப்பார்கள். ஒரே வண்டியில் போகலாம் என்ற யோசனை அவர்களுக்காகத்தான் முதலில் வந்தது.

பெரிய பஸ் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன். பெரிய பஸ் என்றால் சுமார் 12 மீட்டர் நீளம். நாங்கள் போக நினைத்த அணைக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் ஒற்றைச் சாலை, வளைவும் அதிகம். அங்கே அதைத் திருப்புவது பெரும்பாடு. மினி பஸ் ஏறக்குறைய 7 மீட்டர்தான். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்கூட அடங்கிவிடும். 45 சீட்டில் 19 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள் என்பது இன்னொரு காரணம். ஒன்றாகப் போவதற்குத்தானே ஒரே வண்டி எடுக்கிறோம்.

நான்கு இடங்களுக்கு போன் செய்தேன். மூன்று இடத்தில் ஒரே மாதிரிக் கேள்விகள்: எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர். நான்காவது இடத்தில் எடுத்த பெண் இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, "ஏறி இறங்கக் கஷ்டப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா மேடம்?" என்றும் கேட்டார். இருக்கிறார்கள், ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்து எட்டு மாதம் ஆகிறது என்றேன். "அப்போ மரப்படி வைத்திருக்கும் வண்டியை அனுப்புகிறேன்" என்றார். மரப்படி என்றால் என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகவே அங்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆனாலும் வண்டியைப் பார்க்காமல் கொடுக்கவில்லை. முதல் நாள் மாலை ஷெட்டுக்குப் போய் நேரில் பார்த்தேன். இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். போனில் அனுப்பும் படம் வண்டி புதிதாக வந்த அன்று எடுத்ததாக இருக்கும்.

நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3222 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் எண் இல்லாவிட்டால் டயரின் உள்பக்கத்தில் இருக்கும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதிகம் ஓடாத வண்டியில் டயரின் பட்டன் தேயாமல் புதிது போலவே தெரியும். ஆனால் வருடக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் கிடந்த ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். 2012இல் பிரிட்டனில் ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றி வந்த பஸ் விபத்தில் சிக்கி மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த முன் டயருக்கு வயது 19 வருடத்துக்கு மேல். இறந்த ஒரு பையனின் தாய் பல வருடம் போராடினார். 2021 பிப்ரவரியில் அங்கே சட்டம் வந்தது. பஸ், லாரிகளின் முன் சக்கரங்களிலும், மினி பஸ்ஸில் ஒற்றையாக இருக்கும் எல்லாச் சக்கரங்களிலும் பத்து வருடம் தாண்டிய டயர் கூடாது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து டயர் எண்ணைப் பார்க்காமல் நான் யாரையும் வண்டியில் ஏற்றுவதில்லை.

இந்த வண்டியில் முன் டயர் இரண்டும் ஒன்றரை வருடம். பின்பக்கம் ஒன்று மட்டும் நான்கு வருடம். ஸ்டெப்னியையும் காட்டச் சொன்னேன். டிரைவர் முகம் சுளிக்காமல் அடியில் படுத்து டார்ச் பிடித்தார். தீயணைப்பான் முள் பச்சையில் நின்றது. அவசர ஜன்னல் பக்கத்தில் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் அதன் இடத்திலேயே இருந்தது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் இருந்தன, மருந்து தேதி முடிந்திருந்தது. சொன்னதும் குறித்துக்கொண்டார், மறுநாள் காலையில் புதிது இருந்தது.

இப்போது மரப்படி. தரையிலிருந்து வண்டியின் முதல் படி எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தேன். 38 சென்டிமீட்டர். வீட்டு மாடிப்படி ஒன்று 15 முதல் 18 சென்டிமீட்டர் இருக்கும். அதாவது வண்டியில் ஏறுவதென்றால் ஒரே தாவில் இரண்டு படி ஏறுவது. முழங்கால் வலியுள்ளவர்கள் வெளியூர் கிளம்பவே தயங்குவதற்கு இந்த 38 சென்டிமீட்டர் பெரிய காரணம். தயக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நீங்க போய் வாங்க, எனக்கு வீட்டில் வேலை இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் படியை எடுத்துக் காட்டினார். தடித்த பலகையில் செய்த சின்ன முக்காலி போன்ற பெட்டி. மேலே பழைய டயரை அறுத்து, அதன் பட்டன் தெரியும்படி ஆணியடித்திருந்தது. ஈரக்காலோடு மிதித்தாலும் வழுக்காது. நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு. பக்கத்தில் தூக்குவதற்கு ஒரு கயிற்று வளையம், கை பட்டுப் பட்டு அழுக்கேறிக் கறுத்திருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். அவரே செய்ததாம். அப்பாவுக்கு முழங்கால் அறுவை நடந்தபோது வீட்டுக்காகச் செய்தது, அவர் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் வண்டிக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவர் எங்கள் குழுவில் முழங்கால் அறுவை நடந்த அந்த அம்மாவை ஏற்றிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வண்டியை ரோட்டோரத் திட்டை ஒட்டி நிறுத்தினார். படியைப் போட்டு, தான் ஒரு முறை ஏறி நின்று அசைகிறதா என்று பார்த்தார். "அம்மா, ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க. இறங்கும்போது வலிக்கிற காலை முதல்ல" என்றார். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்ன அதே பாடம். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் முன்கையை மடக்கி நீட்டினார், அவர் அதைக் கைப்பிடி போலப் பற்றிக்கொண்டார். பின்னால் யாரும் அவசரப்படுத்தாதபடி நான் நின்றுகொண்டேன். முப்பது நொடி ஆகியிருக்கும். அந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்ததும், "அடுத்த தடவையும் நான் வரேன்" என்றார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

இருக்கை பற்றிச் சில விஷயம். வண்டி 22 சீட், நாங்கள் 19 பேர். மூன்று சீட் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், அது வீண் இல்லை. கடைசி வரிசைவரை ஆள் உட்கார்ந்தால் மினி பஸ்ஸில் பை வைக்க இடமே இருக்காது. டிக்கி என்று சொல்வார்கள், திறந்து பாருங்கள், கடைசி சீட்டின் முதுகுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். 19 பைகளும் தண்ணீர்க் கேன்களும் காலடியில் கிடந்தால் யாரும் காலை நீட்ட முடியாது. சக்கரத்துக்கு மேலே வரும் சீட்டில் கால் வைக்கும் இடம் மேடாக இருக்கும், உயரமானவர்களை அங்கே உட்கார வைக்காதீர்கள். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு வெளியே தொங்குவதால் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது.

வாந்தி வருகிறவர்களுக்கு முன் வரிசைதான் சரி. உட்காதுக்கு வண்டி ஆடுவது தெரிகிறது, கண்ணோ முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதி சரியாகிவிடும். எங்கள் 9 வயதுக் குட்டியை முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தோம். இந்த வண்டியில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பெல்ட் கிடையாது. எனக்கு இது ஒரு குறை. குழந்தைக்கு இடுப்பு பெல்ட் போடும்போது அது வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். அதை நான் வழி முழுக்க இரண்டு மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏசி நன்றாக வேலை செய்தது. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் ஓடினால்தான் ஏசி ஓடும். வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் உள்ளே அடுப்பு போல இருக்கும். நாங்கள் அணையிலிருந்து நடந்து வரும்போது பத்து நிமிடம் முன்னால் போன் செய்துவிடுவோம், டிரைவர் நிழலுக்கு வண்டியை நகர்த்தி, கதவைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஏசி போட்டு வைப்பார். கேட்டால் செய்கிறார்கள், கேட்க வேண்டும்.

அன்று போனது வந்தது எல்லாம் சுகம். போகும்போது பேச்சு, வரும்போது முக்கால்வாசிப் பேர் தூக்கம். கார் ஓட்டிய ஐந்து பேரில் ஒருவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, "இந்த ரோட்டில் பத்து வருஷமா போறேன், இந்த ஏரியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

சரி, இரண்டாவது முறைக்கு வருகிறேன். அருங்காட்சியகம் போகத் திட்டம். அதே வண்டி, அதே டிரைவர் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். சொன்னது வாயால்தான், ரசீதில் "22 சீட் ஏசி மினி பஸ்" என்று மட்டும் இருந்தது. காலையில் வேறு வண்டி வந்து நின்றது. முந்தின இரவு அந்த வண்டி பிரேக் வேலைக்குப் போய்விட்டதாம். பிரேக் வேலைக்கு விட்டது சரியான காரியம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இரவே ஒரு போன் செய்திருக்கலாம்.

வந்த வண்டியில் 22 சீட் கணக்கு எப்படி வந்தது என்றால், நடைபாதையில் விரிக்கும் மடக்கு சீட்டுகளையும் சேர்த்து. அப்படி நான்கு. அவற்றை விரித்தால் நடுவழி அடைபட்டுவிடும். ஏதாவது நடந்தால் பின்னால் இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்? மடக்கு சீட்டில் பெல்ட்டும் இல்லை. மற்ற சீட்டுகளில் பெல்ட் இருந்தது, ஆனால் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. படி இன்னும் உயரம், மரப்படியும் இல்லை. முழங்கால் அறுவை செய்த அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நான் இருக்கேன், நீங்க போங்க" என்றார். அந்த வார்த்தை என்னை மிகவும் பாதித்தது.

நான் அலுவலகத்துக்கு போன் செய்து, மடக்கு சீட்டில் ஒருவரையும் உட்கார வைக்க மாட்டேன், 18 பேருக்குத்தான் இந்த வண்டி, ஒருவருக்கு இடமில்லை, ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். முதலில், "சீட் கணக்கு சரியாகத்தானே இருக்கு மேடம்" என்றார்கள். நான் குரலை உயர்த்தவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து ஒரு காரும், அதில் மரப்படியும் வந்தன. அந்த அம்மாவும் அவர் மகளும் காரில் வந்தார்கள். வந்தார்கள் என்பது பெரிய நிம்மதி. ஆனால் எல்லோரும் ஒரே வண்டியில் போவதற்காக ஏற்பாடு செய்த நாளில் அவர்கள் இருவரும் தனி வண்டியில் வந்தார்கள்.

கணக்கு முடிக்கும்போது இன்னொன்று. கிலோமீட்டரை நாங்கள் ஏறிய இடத்திலிருந்து எண்ணவில்லை, ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணியிருந்தார்கள். போக 14, வர 14, மொத்தம் 28 கிலோமீட்டர் கூடுதல். ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது உண்மை. இந்தத் தொழிலில் இது நடைமுறைதான், வண்டி காலியாக வந்தாலும் டீசல் எரியத்தானே செய்கிறது. நான் கேட்டது, போனில் பேசும்போதே இதைச் சொல்லக்கூடாதா என்பதுதான். காத்திருப்புக்கு என்று ஒரு மணி நேரமும் சேர்த்திருந்தார்கள். அதில் நாற்பது நிமிடம் அவர்கள் கார் வருவதற்காக நாங்கள் நின்றது. டிரிப் ஷீட்டில் நேரம் எழுதியிருந்ததைக் காட்டினேன். உரிமையாளரே போனில் வந்து மன்னிப்புக் கேட்டு, காத்திருப்புத் தொகையை முழுக்க எடுத்துவிட்டார். ஷெட் கிலோமீட்டரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அன்று அது உதவியது. பேச்சு பேச்சாகவே முடிந்தது, சண்டையாகவில்லை.

மூன்றாவது முறை அவர்களிடமே போகலாமா என்று குழுவில் கேட்டேன். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். முழங்கால் அம்மாதான், "அந்தத் தம்பி வண்டி ஓட்டினா நான் வரேன்" என்றார். அவருக்காகத்தான் மறுபடி போன் செய்தேன். இந்த முறை வண்டி எண், டிரைவர், மடக்கு சீட் இல்லாத 22 சீட், மரப்படி, ஷெட்டிலிருந்து கிலோமீட்டர் எத்தனை, எத்தனை மணி நேரத்துக்குமேல் காத்திருப்புக் கட்டணம், வண்டி மாறினால் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்வது என எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொன்னேன். அந்தப் பெண் அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். இப்போது எல்லா வாடிக்கையாளருக்கும் இதே மாதிரி அனுப்புகிறோம் என்றார். இதைத்தான் திருத்திக்கொண்டார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

அந்த நாள் மலை உச்சியில் ஒரு காட்சி முனைக்குப் போனோம். இறங்கும்போது டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொண்டார், பிரேக்கை மிதித்தபடியே வரவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்தால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது என்பது அதுதான். வண்டி நிறைய ஆள் இருக்கும்போது இது தெரிந்த டிரைவர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். குட்டிப் பெண்ணுக்கு ஒரு தடவைகூடக் குமட்டவில்லை.

இறங்கி வந்ததும் நான்கைந்து பேருக்கு அருவிக்கும் போய்விடலாம் என்று ஆசை. இன்னும் 40 கிலோமீட்டர்தான். டிரைவர் தயங்கினார். "நான் காலை நாலரைக்கு எழுந்தேன் மேடம். அங்கே போனா திரும்ப ராத்திரி ஆயிடும். இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சிலருக்கு முகம் வாடியது. எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இருக்கும் இடமோ இல்லாத இடமோ, களைப்பு ஒன்றுதான். கூடுதலாகக் கிடைக்கும் கிலோமீட்டரை ஒரு டிரைவர் வேண்டாம் என்று சொல்கிறார் என்றால், நம் 19 பேரையும் தன் பொறுப்பு என்று நினைக்கிறார். மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பினோம்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று தோள் பெல்ட் இல்லாததற்கும், சொல்லாமல் வண்டி மாறிய அந்தக் காலைக்கும். நாலரை கொடுக்கலாம் என்று எங்கள் 81 வயதுப் பெரியவர் சொல்கிறார், அவருக்கு அந்த டிரைவரைப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த மாதம் அருவிக்குப் போக நேற்று பதிவு செய்தேன். வண்டி எண்ணும் டிரைவரும் எழுத்தில் வந்துவிட்டது. படிக்கட்டின் இடது பக்கம் கைப்பிடி இல்லை, ஒன்று பொருத்த முடியுமா என்று கேட்டிருந்தேன். அடுத்த சர்வீஸுக்கு வண்டி போகும்போது வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் மாலை டேப்போடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.